கூப்புக் கணக்கும் சாவுக் கணக்கும்: பிச்சாவரத்தின் தரவுகள் குறித்துச் சில பதிவுகள்

பிச்சாவரம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் படகில் ஏறித்தான் தொடங்குகிறார்கள். நான் ஓர் அட்டவணையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. சுனாமிக்கு அடுத்த வருஷம், 2005இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் ஓர் ஆங்கில ஆய்விதழில் சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். கடலூர்க் கடற்கரையில் 18 குப்பங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராகக் கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம், முன்னால் எவ்வளவு பரப்பில் மரம் செடி, எத்தனை பேர் செத்தார்கள், எவ்வளவு சொத்து போயிற்று. காடு அடர்ந்த இடத்தில் சாவு குறைவு என்பது முடிவு.

அந்த அட்டவணையை நான் 2006இல் ஒரு துண்டுப் பிரசுரத்தில் அப்படியே எடுத்துப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. 'அலையாத்திக் காடு காத்தது' என்று தலைப்பு. சிதம்பரத்தில் நண்பர்கள் கடன்பட்டு அச்சடித்தது. கிள்ளைப் பக்கம் அதைக் கொடுத்துக்கொண்டு போனபோது, மணல்திட்டுக் குப்பம் ஒன்றிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த ஓர் அம்மா தன் மகளை விட்டுப் படிக்கச் சொன்னார். கேட்டு முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"எங்க ஊருக்கு நேரா ஒரு நம்பரு போட்டிருக்கே தம்பி, அதுல எங்க ஊட்டு ஆளும் ஒண்ணா?"

ஆமாம் என்றேன்.

"காடு இருந்தவன் பொழச்சான், இல்லாதவன் செத்தான்னு எழுதியிருக்கே. அப்ப காட்ட நாங்க அழிச்சுட்டோம்னு சொல்றியா? எங்களுக்கு முன்னால கடல்தான இருந்திச்சு. காடு பின்னாலல்ல இருந்திச்சு."

எனக்குப் பதில் இல்லை. திட்டில் இருந்தவர்களுக்கும் கடலுக்கும் நடுவில் மணல் தவிர வேறெதுவும் இருந்ததில்லை. எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். அவர்களுடைய சாவை 'காடின்மையின் விளைவு' என்று வாசித்தது நான். நான் எழுதிய அந்த ஒரு வரிதான் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தது. அன்றிலிருந்து அலைக்கழிக்கிற கேள்வியைத்தான் இங்கே கொஞ்சம் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க முயல்கிறேன்: ஒரு காட்டைப் பற்றி நீண்டகாலமாகச் சேர்ந்துவரும் தரவுகள் யாருடையவை, யார் எதற்காக எடுத்தாளலாம், எடுத்தாண்டவன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

'தரவு' என்பது சமீபகாலச் சொல். தமிழாசிரியர்களுக்கு அது கலிப்பாவின் உறுப்பாக மட்டும்தான் வெகுகாலம் தெரிந்திருந்தது. கிராமத்தில் இருக்கிற சொல் 'கணக்கு'. கணக்கு எழுதுகிறவன் கணக்குப்பிள்ளை, கணக்கு எழுதப்படுகிறவன் குடியானவன் அல்லது கூலி. ஆங்கிலத்து 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்ற சொல்லின் வேரிலேயே அரசு உட்கார்ந்திருக்கிறது. எண்ணுவதும் ஆள்வதும் ஒரே செயலின் இரு முகங்கள் என்பதற்கு ஃபூக்கோவரை போகத் தேவையில்லை, நம்மூர் ரெவின்யூ ஆபீஸ் போதும்.

பிச்சாவரத்துக் காடு அப்படித்தான் கணக்குக்குள் வந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்திற்குப் பிறகு ஒதுக்கப்பட்ட காடுகள் உண்டாயின. காட்டைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, எண் கொடுத்து, எந்த வருஷம் எந்தத் துண்டை மொட்டையடிப்பது என்று வேலைத்திட்டம் எழுதுவது வனத்துறையின் வழக்கம். அந்தத் துண்டுக்கு ஆங்கிலேயர்கள் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்ட பெயர் நம்மவர் வாயில் 'கூப்பு' ஆனது. கூப்பு காண்ட்ராக்ட், கூப்பு ஏலம், கூப்பு ரோடு என்று தமிழ்நாடு முழுக்க இன்றும் அந்தச் சொல் உயிரோடு இருக்கிறது. பிச்சாவரத்தில் இந்தக் கூப்பு வெட்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எழுபதுகள் வரை சுழற்சி முறையில் நடந்தது. விறகுக்காக. ஒரு கூப்பு வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள், சுற்று முடிந்து திரும்பி வரும்போது பழைய கூப்பில் மரம் நிற்கும் என்பது காகிதத்தின் நம்பிக்கை.

மரம் நிற்கவில்லை. வெட்டிய இடங்களின் நடுப்பகுதி வழுக்கை விழுந்தது. ஏன் என்று கேட்டபோது ஆயத்தமாக ஒரு பதில் இருந்தது. ஜனங்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு விடுகிறார்கள். காட்டுக்குள் போகிறவனைப் பிடி, அபராதம் போடு. குற்றவாளி யார் என்று விசாரணைக்கு முன்பே தெரிந்துவிட்ட வழக்கு இது. இந்தியாவின் எந்தக் காட்டிலும் கேட்கலாம் இந்தக் கதையாடலை.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் (செல்வமும் அவரோடு வேலை செய்தவர்களும்) இதை வேறுவிதமாக வாசித்தார்கள். அவர்கள் கண்டது சுருக்கமாக இதுதான்: பெரிய பரப்பில் ஒரேயடியாக மரத்தை வெட்டியதும் சேறு வெயிலுக்குத் திறந்துகொண்டது. ஈரம் ஆவியாகி மண் இறுகித் தாழ்ந்தது. சமதளமாக இருந்த இடம் தொட்டி மாதிரி ஆயிற்று. ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் வற்றத்தில் வெளியே போக வழியில்லாமல் தங்கியது. தங்கிய தண்ணீர் வெயிலில் காய்ந்து, உப்பு ஏறி ஏறி, உப்பைத் தாங்கத் தெரிந்த வெண்கண்டல்கூட முளைக்க முடியாத இடமானது. சுரபுன்னையோ வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்க்கிற மரமே இல்லை. ஆக, காட்டைக் கொன்றது மாடும் இல்லை, விறகு பொறுக்கின கிழவியும் இல்லை. காட்டைக் 'காப்பாற்றிய' துறையின் வேலைத்திட்டம்தான்.

மருந்தும் இதிலிருந்தே பிறந்தது. தொட்டியின் குறுக்கே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து மீன்முள் மாதிரி கிளை வாய்க்கால்கள். அலை ஏறி இறங்க வழி கிடைத்தது, உப்பு கழுவப்பட்டது, வாய்க்கால் கரையில் நட்ட கன்று பிழைத்தது. ஊர் மக்களையும் வனத்துறையையும் சேர்த்து உட்காரவைத்துச் செய்த வேலை. 2003இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் செயற்கைக்கோள் படங்களை வைத்து அவர்கள் காட்டியது, பதினைந்து வருஷத்தில் காட்டுப் பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியது என்பது. கொள்ளிடத்தில் நன்னீர் வரத்து குறைந்துபோன கதை தனி. அது வாய்க்கால் வெட்டித் தீர்கிற விஷயமல்ல.

இந்த மறுவாசிப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. எங்கே வெட்டு நடந்தது, எப்போது நடந்தது என்பதற்குச் சாட்சி துறையின் பழக்கமே எழுதி வைத்திருந்த கூப்புக் கணக்குதான். வருவாய்க்காக எழுதிய பிரதி, எழுதியவனுக்கு எதிராகவே வாசிக்கப்படுகிறது. நம் இலக்கிய நண்பர்கள் கட்டுடைத்தல் என்று எதை எதையோ சொல்லிக்கொண்டிருந்த அதே தொண்ணூறுகளில், சேற்றில் நின்றுகொண்டு நடந்த கட்டுடைத்தல் இது. கணக்கு எரிந்திருந்தாலோ, 'ரகசியம்' என்று பீரோவில் பூட்டப்பட்டிருந்தாலோ, பழி இன்னும் மாட்டின் தலையில்தான்.

பீரோ என்றதும் ஒரு சொந்த அனுபவம். பழைய வேலைத்திட்டம் ஒன்றைப் பார்க்கலாமா என்று ஓர் அலுவலகத்தில் நான் மூன்று நாள் அலைந்திருக்கிறேன். "யாரு நீங்க, எந்த இன்ஸ்டிட்யூட்?" என்பதுதான் முதல் கேள்வி. எந்த இன்ஸ்டிட்யூட்டும் இல்லை என்பது பதிலாக எடுபடவில்லை. நான்காம் நாள் ஒருவர் இரக்கப்பட்டு அரைமணி நேரம் கொடுத்தார். பென்சிலால் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். அந்த நோட்டு கடைசியில் மறுபடி வரும்.

இடையில் ஒரு சிறு விலகல். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர். தில்லை ஒரு அலையாத்தி மரம், கோயிலின் தலமரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இன்று தில்லையில் தில்லை கிடையாது, மரத்தைப் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரத்துக்கு வரவேண்டும். பக்தி இலக்கியத்தைத் தாவரவியல் தரவாக வாசிக்கிறவர்கள் இதைவைத்துக் காடு ஒரு காலத்தில் ஊர்வரை இருந்தது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பெயரும் ஒரு பதிவுதான், அதையும் பொறுப்போடு வாசிக்க வேண்டும் என்பதற்கு மேல் நான் போகமாட்டேன்.

சுனாமிக் கணக்குக்குத் திரும்புவோம். கதிரேசன்–ராஜேந்திரன் கட்டுரை வந்த அதே 2005இல், அக்டோபர் மாதம், 'சயின்ஸ்' இதழில் டேனியல்சனும் மற்றவர்களும் எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டதும் கடலூர்க் கரைதான். அலைக்கு முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, மரம் அடர்ந்த இடங்களுக்குப் பின்னால் சேதம் குறைவு என்றார்கள். கடலோரம் இருந்த ஊர்கள் அழிந்தன, அலையாத்திக்குப் பின்னால் இருந்தவை தப்பின. உலகம் முழுக்க இந்தச் செய்தி போயிற்று.

2006இல் கெர், பேர்ட், கேம்ப்பெல் மூவரும் கதிரேசன்–ராஜேந்திரன் கட்டுரைக்கு மறுப்பு எழுதினார்கள். அவர்கள் கடலூருக்கு வந்து எதையும் அளக்கவில்லை. அச்சாகியிருந்த எண்களையே எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். கடலிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் இருக்கிற குப்பங்களை ஒப்பிட்டால் மரப்பரப்பின் வித்தியாசம் சாவைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்பது அவர்கள் முடிவு. காடு இருக்கிற ஊர் பெரும்பாலும் கடலிலிருந்து தள்ளியும் இருக்கிறது. அப்படியானால் காப்பாற்றியது காடா, தூரமா? அதே ஆண்டு வெர்மாட்டும் தம்பன்யாவும் அதே எண்களை இன்னொரு முறை போட்டுப் பார்த்து, காட்டுக்குப் பங்கு இருக்கிறது என்றார்கள். மூன்று குழு, ஒரே 18 குப்பம்.

அந்த அம்மா சொன்னதும் இதுதானே: 'எங்களுக்கு முன்னால கடல்தான இருந்திச்சு.' புள்ளியியல் மொழியில் அதற்குக் குழப்பும் காரணி என்று பேர். அவர் அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

இங்கே அவசரப்பட்டு இரண்டு தவறான முடிவுகளுக்கு வரலாம். 'பார்த்தீர்களா, மேற்கத்தியர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து நம் ஆய்வாளர்களைக் கவிழ்க்கிறார்கள்' என்பது ஒன்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. எண்களை அச்சிட்டுத் திறந்து வைத்தது பரங்கிப்பேட்டைக்காரர்களின் நேர்மை. திறந்து வைத்ததால்தான் தவறைத் தேட முடிந்தது. முடிவை மட்டும் சொல்லி எண்ணை மறைத்திருந்தால் விவாதமே நடந்திருக்காது. 'அப்படியானால் காடு தேவையில்லை' என்பது இன்னொன்று. கெர் முதலானோர் காட்டை வெட்டச் சொல்லவில்லை. செய்யாத வேலையை அதன் தலையில் கட்டாதே என்றார்கள்.

கட்டினால் என்ன ஆகும் என்பதைக் கடற்கரை பார்த்துவிட்டது. 'உயிர்க்கேடயம்' என்ற சொல் பிறந்தது. அலையாத்தி சேற்றில்தான் வளரும். மணற்கரையில் அது வராது. ஆனால் கேடயம் வேண்டும், திட்டத்துக்குப் பணம் இருக்கிறது. ஆகவே சவுக்கு. உலக வங்கிக் கடனில் தமிழ்நாட்டுக் கரையில் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. மணல்மேடுகள்தான் இயற்கையான அரண் என்றும், அவற்றின் மேல் சவுக்கை நடுவது எதற்கு என்றும் சூழலியலாளர்கள் கேட்டார்கள். 2010இல் ஃபீகினும் பலரும் சேர்ந்து, உயிர்க்கேடயக் கருத்து தவறாகப் பயன்படுத்தப்படுவதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள். அதைவிட எனக்கு உறுத்துவது அந்தக் காலத்தின் இன்னொரு காகிதம். 2005 மார்ச்சில் வந்த அரசாணை எண் 172. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் அங்கேயே இருக்க விரும்பினால் இருக்கலாம், ஆனால் அரசு வீட்டு உதவி கிடையாது. வீடு வேண்டுமென்றால் உள்ளே தள்ளிப் போ. 'தூரம்தான் காப்பாற்றியது' என்ற முடிவும் ஆக அப்பாவித்தனமானதல்ல. காடு என்று வாசித்தால் சவுக்கு வருகிறது, தூரம் என்று வாசித்தால் வெளியேற்றம் வருகிறது. இரண்டிலும் மீனவன் கடலிலிருந்து விலகுகிறான். கணக்குப் போட்டவர்கள் இதைச் செய்யவில்லைதான். ஆனால் எண் ஒருமுறை வெளியே வந்த பிறகு யார் கையில் போய்ச் சேரும் என்று கேட்பது ஆய்வுக்கு வெளியே உள்ள கேள்வி என்று நான் நினைக்கவில்லை.

நம் வட்டத்தில் இதையெல்லாம் கேட்டதும் 'அறிவியலே அதிகாரம், தரவே வன்முறை' என்று முடித்துவிடுகிற பழக்கம் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவன்தான். அவர்களுக்கு இறால் பண்ணையை நினைவூட்ட விரும்புகிறேன். தொண்ணூறுகளில் இதே சிதம்பரம், நாகை கரையோரங்களில் வயலை வளைத்து இறால் பண்ணைகள் வந்தன. கிணறு உப்பாயிற்று, விவசாயக் கூலிகளுக்கு வேலை போயிற்று. கிராம சுயராஜ்ய இயக்கத்தின் ஜெகந்நாதன் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கரையோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்புச் சொன்னபோது, அது சாய்ந்து நின்றது நாக்பூர் 'நீரி' நிறுவனத்தின் ஆய்வறிக்கை மேல். கோஷம் போட்டவர்களின் உண்மையை நீதிமன்றம் கேட்க ஒரு கணக்கு தேவைப்பட்டது. (2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம் கொண்டுவந்து நாடாளுமன்றம் அந்தத் தீர்ப்பை நீர்க்கச் செய்தது வேறு கதை.) தரவு வேண்டாம் என்று சொல்லும் ஆடம்பரம் நமக்கு இல்லை.

இனி அளக்கிற கையைப் பற்றி. கடலூருக்குப் பக்கத்தில் குழந்தைக்குப்பத்திலும் கெடிலக் கரையில் திருமாணிக்குழியிலும் கோயில்காடுகள் இருக்கின்றன. கிழக்குக் கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் துணுக்குகள். தொண்ணூறுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் பார்த்தசாரதி தன் மாணவர்களோடு அங்கே பரப்பு அளந்து மரம் மரமாக எண்ணினார், பிறகு இந்தக் கரையோரக் காடுகளில் மறுபடி போய் எண்ணினார்கள். முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தின் சுகுமார் குழு 1988இல் தொடங்கிய 50 ஹெக்டேர் பரப்பில் இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வேலையின் மதிப்பு திரும்பப் போவதில்தான் இருக்கிறது. ஒருமுறை எண்ணினால் பட்டியல். அதே மரத்தைப் பத்து வருஷம் கழித்துத் தேடிப்போய், தகடு துருப்பிடித்ததா, அடி பெருத்ததா, செத்ததா என்று பார்த்தால்தான் அது வரலாறு. அட்டையும் முள்ளும் கடிக்க இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தினக்கூலிகளும் ஆராய்ச்சி மாணவர்களும். இலை இல்லாத காலத்தில் பட்டையைக் கீறி மோந்து பார்த்து மரத்தின் பேரைச் சொல்லுகிற உள்ளூர்க்காரர் இல்லாமல் ஒரு அட்டவணையும் நிரம்பாது.

பிறகு எங்கோ ஒரு குளிர்ந்த அறையில் நூறு காடுகளின் அட்டவணைகளை ஒன்றாக ஊற்றி ஒரு பெரிய கட்டுரை வருகிறது. அளந்தவன் நன்றியுரையில்கூட இல்லை. 2022இல் பல நாட்டுக் காட்டாய்வாளர்கள் சேர்ந்து 'நேச்சர் இகாலஜி அண்ட் எவலூஷன்' இதழில் இதைத்தான் சொன்னார்கள்: தரவைத் திற என்று மட்டும் சொல்லாதே, அளப்பதற்கான செலவையும் புகழையும் சேர்த்துப் பகிர். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் குடகின் உப்பங்களாக் காட்டில் ஆண்டுக்கணக்கில் எடுத்த மர அளவைகளை 2011இல் பொதுவில் வெளியிட்டபோது, களத்தில் மரம் இனங்கண்டவரின் தமிழ்ப் பெயரும் ஆசிரியர் வரிசையில் இருந்தது. சின்ன விஷயம்தான். ஆனால் செய்ய முடியும் என்பதற்குச் சாட்சி.

மாணவனுக்கும் கூலிக்கும் பெயர் கிடைத்தால் கணக்கு நேராகிவிடுமா? எனக்கு இருளர் பிரச்சினை மிச்சமிருக்கிறது. பிச்சாவரத்து இருளர்கள் சேற்றில் உட்கார்ந்து கையால் தடவியே இறால் பிடிக்கிறவர்கள். எந்த வாய்க்காலில் எந்தத் திதியில் எது கிடைக்கும் என்பது அவர்கள் உடம்பில் இருக்கிற நீண்டகாலத் தரவு. ஒதுக்குக் காட்டுக்குள் நுழைந்த குற்றத்துக்கு அவர்களைத் துரத்திய காலமும் உண்டு. இன்று 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஊர்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்த பிறகு நாடு முழுக்க அவசர அவசரமாக எழுதித் தள்ளினார்கள். 2012இல் வந்த தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை, பொதுப்பணத்தில் சேர்த்த தரவு பொதுவில் இருக்கட்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் வேலைத்திட்டத்தைப் பார்க்க 'எந்த இன்ஸ்டிட்யூட்' என்று கேட்கிற அரசு, இருளனின் வாய்க்கால் கணக்கை மட்டும் பொதுச்சொத்தாக்கினால்? அதிகாரத்தின் கணக்கு திறக்க வேண்டும், பலவீனமானவனின் கணக்கு அவன் அனுமதியில்லாமல் திறக்கக் கூடாது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிற 'திறந்தநிலை' எனக்குச் சந்தேகத்துக்குரியது. உலகெங்கும் தொல்குடி அமைப்புகள் கடந்த சில ஆண்டுகளாக இதையே தரவின் மேலான தங்கள் உரிமை என்று கேட்டுவருகின்றன.

துண்டுப் பிரசுரத்தை இரண்டாவது முறை அச்சடிக்கச் சொன்னார்கள். ஊர்ப் பெயர்களுக்கு நேரான சாவு எண்களை எடுத்துவிட்டேன். தலைப்பையும் மாற்றினேன். "எண் இல்லாட்டி எவன் நம்புவான்?" என்று ஒரு தோழர் சண்டை போட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

போன பங்குனியில் அந்தப் பென்சில் நோட்டை எடுத்துக்கொண்டு கிள்ளைக்குப் போனேன். இளமையில் கூப்பு வெட்டுக்குக் கூலியாகப் போன ஒரு பெரியவர் இருந்தார். கூப்பு எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். எண் அவருக்குப் புரியவில்லை. இடத்தைச் சொன்னதும் புரிந்தது. ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"அது ஒரு தடவ இல்ல சார், ரெண்டு தடவ வெட்டுனது. ரெண்டாவது வெட்டு உங்க நோட்டுல இருக்காது. அதுக்கப்புறம்தான் அங்க பூண்டே மொளைக்கல."

எழுதிக்கலாமா, உங்க பேரப் போடலாமா என்று கேட்டேன்.

"எழுதிக்குங்க. பேரு வேணாம்."

ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.